பவர் இல்லாத கண்ணாடி

என் அப்பாவுக்கு,

வயலிலிருந்து வந்து கால் கழுவி உட்காருகிற நேரத்தில் உங்களிடம் எதையும் சொல்லலாம் என்பாள் அம்மா. அந்த நேரம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் அப்பா.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் ஊரில் இல்லை. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியும், அவ்வளவுதான் தீவு. சுகாதார நிலையம் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அது போதும். அதற்கு மேல் என்றால் படகு ஏறி வேறு தீவுக்குத்தான் போக வேண்டும்.

மழைக்காலத்தில் எங்களோடு வேலை பார்க்கும் கேரளத்து சாருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அவரை ஏற்றிப் போகப் படகு பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பள்ளிக்கூடம் எங்களுக்குப் போட்டிருந்த இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குள் ஆகும் செலவுக்கு மட்டும்தான், ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

என்னோடு ஒரே அறையில் இருப்பவர் முத்துப்பேட்டை மாலதி அக்கா, சயின்ஸ் டீச்சர். "ஏண்டி சுகந்தி, நமக்கு ஒண்ணுன்னா நீந்தியா போறது?" என்று கேட்டு, அன்றே வேறு இன்சூரன்ஸ் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மலிவு, எதையும் கேட்காது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எதுவும் கிடையாது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று படகோ விமானமோ வைத்து, வைத்தியம் பார்க்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். முதலில் அவர்களுக்குப் போன் செய்து, அவர்களுடைய டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். நாமே படகு பிடித்துப் போனால் தர மாட்டார்கள். நம் உடம்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள்.

அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. எனக்கு முதலாவதே போதும் என்றேன். கேள்வி கேட்காத கம்பெனிதான் நல்ல கம்பெனி என்று தோன்றியது. நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பத்தாம் வகுப்பில் எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது நீங்கள் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனீர்கள். வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் யாரோ கேட்டதற்கு, "பாப்பாவுக்குக் கண்ணு சரியில்லங்க" என்றீர்கள். "பொண்ணுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கேப்பா?" என்று பஸ்ஸில் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். மாதா மாதம் கண் டாக்டரிடம் போகும் பெண் கண்ணாடி போடவில்லையே என்று ஊர் கேட்கத் தொடங்கியதும், கும்பகோணத்தில் வாங்கியும் கொடுத்தீர்கள். "வெறும் கண்ணாடிங்களா? பாப்பா சினிமாவுல நடிக்கப் போவுதா?" என்று கடைக்காரர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

கல்லூரி முழுக்க அதைப் போட்டுக்கொண்டேன். என் பாஸ்போர்ட்டிலும் அது இருக்கிறது.

அந்த வருடம் வாய்க்கால் உடைந்து தாளடி நெல் முங்கியது நினைவிருக்கிறதா? வி.ஏ.ஓ. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தபோது எல்லோரும் முங்கியது என்றார்கள். நீங்கள் மட்டும், "நம்மளுது மேட்டுல கெடக்குங்க, முங்கல" என்றீர்கள். "யோவ், உன் வாயால எங்களுதும் முங்கலன்னு எழுதிடப் போறாங்கய்யா!" என்று சண்டைக்கு வந்தார்கள். நீங்கள் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வயலுக்காகப் பொய் சொல்லாதவர் எனக்காகச் சொன்னீர்கள். உங்களைப் பொய் சொல்ல வைக்கிற ஒரு உடம்பு எனக்கு. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பைத்தான் துடைத்தேன்.

போன வாரம் சிக்னல் தேடிப் படகுத்துறைக்குப் போனோம். அந்த இரண்டாவது கம்பெனியில் தமிழ் பேசும் பெண் கிடைத்தாள். அக்கா தன்னுடையதை முடித்துவிட்டு, "இருங்க, எங்க பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுக்கும் சேத்துக் கேட்டுக்குங்க" என்று ஸ்பீக்கரோடு போனை என் கையில் திணித்தார். எங்க பொண்ணு என்றது சும்மா இல்லை. அக்கா தன் சித்தி மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார். அம்மாவும் சம்மதித்திருந்தாள்.

சர்க்கரை? இல்லங்க. பிரஷர்? இல்லங்க.

"கண்ணாடி போடுறீங்களா?"

"போடுறேங்க." பழக்கத்தில் வந்துவிட்டது.

"பவர் எவ்ளோங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை அப்பா. வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சருக்கு ஓர் எண் வரவில்லை.

"பவர் இல்லங்க."

"கேக்கலங்க, சத்தமா சொல்லுங்க."

"பவர் இல்லங்க!"

"பவர் இல்லாம எதுக்குங்க கண்ணாடி?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளத்தான் கேட்டாள். மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

"எனக்கு வலிப்பு இருக்குங்க."

"என்னாங்க? காத்து இரையுது."

"வலிப்பு! வலிப்புங்க!"

வகுப்பில்கூட நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

"சரிங்க, மாத்திரை எடுத்துக்கிறீங்களா?" என்று வீட்டு விலாசம் கேட்பதுபோல் கேட்டாள். கட்டணம் கூடும், உங்கள் டாக்டரின் கடிதம் வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வோமா என்றே சொல்ல முடியும் என்றாள். "மறைச்சுப் போட்டீங்கன்னா, வேணுங்குற அன்னைக்குப் படகு வராதுங்க."

திரும்பி நடக்கும்போது அக்கா என் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு, "தெனம் காலையில காணும் காணும்னு அந்தக் கண்ணாடியத் தேடிக் குடுத்தனே, எதுக்குடி?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை. "பக்கத்துக் கட்டில்ல நான்தானே படுத்திருக்கேன்? திடீர்னு வந்திருந்தா என்னா செஞ்சிருப்பேன்? வாயில கரண்டியத் திணிச்சிருப்பேன்டி."

எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், நிற்காவிட்டால் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னைக் காப்பாற்ற வேண்டியவரிடமே மறைத்திருக்கிறேன்.

"தம்பிகிட்ட நான் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கவும் மாட்டேன். நீயே பேசிடு" என்றார். நான் இன்னும் பேசவில்லை.

டாக்டர் கடிதத்துக்காக அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன, கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டுத் தஞ்சாவூர் போயிட்டு வந்துடுறேன்" என்றாள். வேண்டாம்மா என்றேன். "அப்ப உங்கப்பா சொன்னது?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அதுதான் அப்பா எனக்கும் தெரியவில்லை. ஊரில் இன்றும் நீங்கள் 'முங்கலன்னு சொன்ன ஆளு'தான். இனி என்ன சொல்வார்கள்? உங்கள் ஒரே பொய்யை நான் கடற்கரையில் நின்று கத்திவிட்டேன். கத்திய பிறகு நெஞ்சு லேசானது. அதற்குத்தான் அதிகம் கூச்சப்படுகிறேன். நீங்கள் அத்தனை வருடம் தனியாகச் சுமந்ததை நான் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டேனே.

அந்தக் கம்பெனி என்னை எடுத்துக்கொள்கிறதோ இல்லையோ, கேள்வி கேட்கிற கம்பெனியில்தான் இன்சூரன்ஸ் போடுவேன். அக்காவின் சித்தி மகனிடம் இந்த வெள்ளிக்கிழமை நானே பேசுவேன். லீவில் வரும்போது வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி இல்லாமல் இறங்குவேன். "கண்ணு சரியாயிடுச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கண் எப்போதும் சரியாகத்தான் இருந்தது, எங்கள் அப்பா என் மேல் வைத்த ஆசையில் அப்படிச் சொன்னார் என்று சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் மகள்,
கண் நன்றாகத் தெரிகிற சுகந்தி