முதலில் புறப்பட்ட பை

ஹாலே, ஜெர்மனி
பிப்ரவரி 2

என் அருமைக் கலைமகளுக்கு,

போனில் சொன்னால் "அப்படியா, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் ஹாஸ்டலை விட்ட நாள் முதலான நம் வழக்கப்படி கடிதமாகவே எழுதி மெயிலில் அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எனக்குக் கல்யாணம்! மே பதினேழு, இங்கே எங்கள் கோயிலில். மாப்பிள்ளை டேவிட்சன், நம் பொறையாறுக்காரர். மனைவியை இழந்தவர். இங்கே டிராம் ஓட்டுகிறார். டிராம்காரர் தடம் மாற மாட்டார், பயப்படாதே. என்னவர் போய் ஒன்பது வருஷம். சேர்ந்து சிரிக்க மறுபடி ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் டீ.

பெண் வீட்டார் பெஞ்சில் உட்கார எனக்கு யாருமில்லை. அம்மாவும் இல்லை. நீ வந்தே ஆக வேண்டும். விசாவுக்கான அழைப்புக் கடிதத்துக்கு நாளையே அலைகிறேன்.

உன்
ஜெனிட்டா


ஒரத்தநாடு
பிப்ரவரி 6

அன்புள்ள ஜெனிட்டா,

இரண்டு முறை படித்தேன். வாழ்த்துகள். ஆனால் தடம் மாறாதது டிராம். அதை வைத்து ஓட்டுகிறவரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்காகவாவது வருகிறேன்.

தஞ்சாவூரில் விசா வேலை பார்க்கும் முபாரக்கிடம் போனேன். கல்லூரியின் தடையில்லாச் சான்று, வங்கிக் கணக்கு, பயணக் காப்பீடு எல்லாம் சரி என்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், வீட்டுக்காரர் இல்ல, புள்ளைங்க இல்ல. நீங்க திரும்பி வருவீங்கன்னு எதை வச்சு நம்புவாங்க? இதுலதான் நிறைய பேருக்குத் தட்டிப் போகுது."

"நாலு மா நிலம் இருக்கு. ஜூன்ல ஆத்துல தண்ணி வந்ததும் குறுவைக்கு நாத்து விடணும். எந்தப் புருஷனும் என்னை இவ்வளவு உறுதியா வீட்டுக்கு இழுக்க மாட்டான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, நிலத்தின் பட்டாவையும் கொண்டுவரச் சொன்னார். போட்டோ எடுத்த ராஜராஜன், "சிரிக்கக் கூடாது மேடம்" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு "இப்படியே இருங்க, போதும்" என்றார்.

ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தை உன் தரங்கம்பாடியில் வைத்தால் என்ன? ஊர்ப் பக்கம் நீ எட்டிப் பார்த்தே ஏழு வருஷம் ஆகிறதே.

அன்புடன்
கலைமகள்


ஹாலே
பிப்ரவரி 9

கலை,

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபின் நான் பிறந்த ஊருக்கு எனக்கும் விசா வேண்டும். அம்மா போனபோது என்னிடம் அது இல்லை. கைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. என் ஊருக்குள் வர இனி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

கோடியக்கரை நெத்திலிக் கருவாடு கொண்டு வருவாயா?

ஜெனிட்டா


ஒரத்தநாடு
ஏப்ரல் 16

அன்புள்ள ஜெனிட்டா,

நேற்று சென்னையில் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்ததே பெரிய கதை.

நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாள் அஷ்டமி. தம்பி மனைவி அமிர்தத்துக்கு மனசு கேட்கவில்லை. நாள் சரியில்லை என்றால் முன்னதாக ஒரு நல்ல நாளில் பையை மட்டும் வாசல் தாண்டி அனுப்பி அடுத்த வீட்டில் வைப்பார்கள். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். என்னிடம் சொன்னால் நான் வாதாடுவேன் என்று சொல்லாமலே வெள்ளிக்கிழமை என் பையைப் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவிடம் கொடுத்து வைத்துவிட்டாள். பாஸ்போர்ட் அதற்குள்.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. குடும்பத்தோடு நாகூர் போயிருக்கிறார்கள். போன் செய்தேன்.

"பை எங்கிட்டதான் இருக்கு டீச்சர். பாஸ்போர்ட்டைப் பூட்டுன வீட்டுல விட்டுட்டு வர மனசு வரல. கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

திருவாரூருக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மேலே பேசினால் என்ன பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவரே பஸ் ஏறி வந்து திருவாரூர் பேருந்து நிலையத்தில் பையைக் கையில் கொடுத்தார். "உங்களுக்கு முன்னாடி உங்க பை கடலைப் பாத்துட்டு வந்துடுச்சு டீச்சர்" என்று ஒரே சிரிப்பு. அங்கிருந்தே ரயில் பிடித்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"பாத்தீங்களா அண்ணி, பரஸ்தானம் வச்சதாலதான் வேலை முடிஞ்சுது" என்கிறாள் அமிர்தம். அதனால்தான் கெட இருந்தது என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

கலைமகள்


ஒரத்தநாடு
மே 6

ஜெனிட்டா,

விசா வந்துவிட்டது. வீட்டில் பாயசம்.

உங்கள் ஊர் விதிகளைப் படித்தேன். பாலில் செய்த இனிப்பு கூடாது; கருவாடு கூடும். நல்ல நாடாகத்தான் இருக்க வேண்டும்.

க.


ஒரத்தநாடு
மே 29

அன்புள்ள ஜெனிட்டாவுக்கும், டேவிட்சன் அண்ணனுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணனைப் பற்றிய என் முடிவு: குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் முயன்றேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அங்கே வந்து இறங்கியதும் குடியேற்ற அதிகாரி எதற்கு வந்தாய் என்றார். தோழியின் கல்யாணம், மணப்பெண்ணுக்கு ஐம்பது வயது என்றேன். அவர் எழுந்து நின்று முத்திரை குத்தினார். அனுமதி கேட்டு நிற்பது எனக்கும் பிடிக்காத காரியம்தான். ஆனால் உன் பெஞ்சில் உட்கார்ந்தபோது அது ஞாபகத்திலேயே இல்லை.

இதற்குள் உன் மயில்கழுத்துப் பட்டுப் புடவையைத் தேடிச் சலித்திருப்பாய். கல்யாணப் புடவை காணாமல் போனதென்று அழ வேண்டாம். கிளம்பும் முன் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். இப்போது கமருன்னிஸா வீட்டு பீரோவில் இருக்கிறது. இந்த முறை அவர் எந்த ஊருக்கும் போவதாக இல்லை. உனக்குப் பரஸ்தானம் ஆகிவிட்டது. இனி நீ கிளம்பித்தான் ஆக வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்கே தெரியும்.

தை அறுப்புக்கு வா. கல்லறையில் அம்மாவைப் பார்க்கச் சேர்ந்தே போவோம்.

உன்
கலைமகள்


ஹாலே
ஜூன் 20

திருடிக்கு,

மூன்று வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்று காலை அவர் ஓட்டும் தடத்து டிராமிலேயே ஏறிப் போய் இரண்டு பேரும் விசாவுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டோம். சிரிக்கக் கூடாது என்றார்கள். அவருக்கு முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டது. எனக்கு நாலு முறை எடுத்தும் வரவில்லை. நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்
ஜெனிட்டா