லீலா இனி தானே போட்டுக்கொள்வாள்

அடிவாரம், பழனி
5-7-1964

சிரஞ்சீவி மயில்சாமிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். பிலாயில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க அந்தத் தண்டபாணிதான் துணை. உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது, பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்தால் கண் சொருகுகிறது. வைகாசி விசாகக் கூட்டம் முடிந்து கடையில் இப்போதுதான் மூச்சு விட முடிகிறது, வெயில் மட்டும் இன்னும் முடியவில்லை. மருமகளுக்கு ஐந்தாம் மாதம் என்றால் மசக்கை விட்டிருக்கும், வாய்க்குப் பிடித்ததைச் செய்து சாப்பிடச் சொல், அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். நீ அப்படிச் செய்கிறவன் என்று எனக்குத் தெரியும்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். லீலாவை எதற்குக் கொடைக்கானல் முகாமுக்கு அனுப்பினீர்கள், சீக்குப் பிள்ளைகளோடு சீக்குப் பிள்ளையைச் சேர்த்தால் சீக்கு இரண்டு மடங்கு ஆகும், இத்தனை நாள் வெளியே தெரியாமல் காத்தது வீணாகப் போகும், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள், மதுரைக்கு அனுப்பி ஆஸ்டலில் வைத்துப் படிக்கவைக்கிற பேச்சே வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாய். தங்கை மேல் இருக்கிற அக்கறையில்தான் எழுதினாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் படித்த அன்று எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. கடிதத்தை மடித்து அரிசிப்பானை மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நீ பிலாய்க்கு ரயில் ஏறிய வருஷம்தான் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. லீவில் வந்து நீ பார்த்ததெல்லாம் வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற லீலாவை. மற்ற நாட்களை நான் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டிக் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும், அவள் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக சர்க்கரை சோதிக்கிற அந்த நீல மருந்துத் தண்ணீரில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி நிறம் பார்க்க வேண்டும், ஈரமணல் பானைக்குள் வைத்திருக்கிற இன்சுலின் குப்பியை எடுத்துச் சிரிஞ்சில் ஏற்றிப் போட வேண்டும், போட்ட அரைமணிக்குள் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் நீலமாகவே இருந்தால் அன்றைக்கு நான் மனுஷி. சர்க்கரை ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் யார் வந்து பேசினாலும் எரிந்து விழுவேன். இத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டு. ஸ்பிரிட் வாடை வருகிறதே என்று பக்கத்து வீட்டு இருளாயி கேட்டதற்கு எனக்கு முழங்கால் வலி, தைலம் போடுகிறேன் என்று சொல்லிவைத்தேன், அன்றிலிருந்து தெரு முழுக்க எனக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை, மருமகளை முதன்முதலில் உங்கள் வீட்டில் குடிவைக்கக்கூட நான் வரவில்லை என்று உனக்கு இன்னும் வருத்தம் இருக்கும். வேறு யார் போடுவது. உன் அப்பா ஊசியைக் கண்டாலே வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் பிழைப்போ பஞ்சாமிர்தம். பின்கட்டில் மலைவாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் கற்கண்டும் பேரீச்சையுமாகப் பிசைகிற இடத்துக்குள் ஈயும் குளவியும் போகலாம், லீலா மட்டும் போகக்கூடாது. அந்தக் கதவருகே அவள் நின்றாலே உன் அப்பா அதட்டுவார். அவளும் ஆயக்குடிக் கொய்யாவைக் காயாகக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள்.

அந்த முகாமைப் பற்றிச் சொன்னது நாம் காட்டுகிற மதுரை டாக்டர்தான். கொடைக்கானலில் பள்ளங்கி போகிற வழியில் மிஷன் பங்களா ஒன்று இருக்கிறது, மே மாதம் சீசனில் நீண்டநாள் வியாதியுள்ள பிள்ளைகளை மூன்று வாரம் அங்கே தங்கவைத்துக்கொள்கிறார்கள், லீலாவைப் போலச் சர்க்கரை வியாதிக்காரர்கள், ஆஸ்துமாப் பிள்ளைகள், இருதயத்தில் வால்வு கெட்ட பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், கூடவே டாக்டரும் நர்சுகளும் இருப்பார்கள் என்றார். உண்மையைச் சொல்கிறேன், அவளுக்கு நல்லது என்று நினைத்து நான் சரி சொல்லவில்லை. மூன்று வாரம் தூங்கலாம் என்றுதான் சரி சொன்னேன். மலை நம் தலைக்கு மேலேயே தெரிகிறது, போவதற்கு மட்டும் வத்தலக்குண்டு போய்ப் பஸ் மாறி ஒரு பகல் முழுக்க ஆகிறது. விட்டுவிட்டு வந்தோம். தூக்கம் வந்தது என்றா நினைக்கிறாய். பழக்கத்தில் விடியுமுன் எழுந்து, கொதிக்கவைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். உன் அப்பா இரண்டு டின் பஞ்சாமிர்தத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சர்க்கரை வியாதிப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கா என்று தலையில் அடித்துக்கொண்டேன். பழனிக்காரன் ஒரு வாசற்படியை வெறுங்கையோடு மிதித்தான் என்று இருக்கக்கூடாதாம், ஆஸ்துமாப் பிள்ளைகள் தின்னட்டும், நர்சுகள் தின்னட்டும், பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும் என்றார். அங்கே பெரிய நர்ஸ் இசபெல்லா என்று ஒரு அம்மாள், நாசரேத்துப் பக்கம். அவரும் இரண்டு கையாலும் வாங்கி வராந்தா மேசையில் வைத்தார். நான் லீலாவைத் தேடினால் அவள் ரிங் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தாள் மயில்சாமி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க. இருதயக்காரப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டக்கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் சர்க்கரை வியாதிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்வார்களாம், யாராவது முகத்தைச் சுளித்தால் மற்றவர்கள் கேலி செய்வார்களாம். நம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை அவள் எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டு சொன்னாள். அங்கே வந்திருக்கிறவர்களில் நம் ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.

அன்றைக்குப் பெற்றோருக்காக டாக்டர் பேசிய பேச்சு நீண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி தாமதமாகிவிட்டது. பேச்சு முடிந்து நாங்கள் வராந்தாவுக்கு வந்தபோது லீலா மேசையருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், டின்னைத் திறந்து விரலால் அள்ளி வாயருகே கொண்டுபோனாள். உன் அப்பா பாய்ந்து போய் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நாலு வருசமாக் கட்டிக் காத்தது இதுக்குத்தானா புள்ள" என்று கத்தினார். பஞ்சாமிர்தம் தரையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் வேர்வை, வாய் குழறுகிறது, கை வெடவெடவென்று நடுங்குகிறது. திருடி அகப்பட்டதால் நடுங்குகிறாள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் புஷ்பமேரி என்று ஒரு சின்னப் பெண், மன்னவனூரில் உருளைக்கிழங்குக் காட்டு வேலைக்காரர் மகள், அவளுக்கும் இதே வியாதி, ஓடிவந்து "கொஞ்சம் தள்ளிக்கங்க மாமா" என்று உன் அப்பாவை விலக்கிவிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து லீலாவின் கன்னத்துக்குள் தேய்த்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அந்த டின்னிலிருந்தே வழித்து "முழுங்குக்கா, முழுங்கு" என்று ஊட்டினாள். நம் டின்னிலிருந்து, நம் பெண்ணுக்கு. இசபெல்லா வந்து நாடி பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "ஊசி போட்டு, ஓடியாடி, சாப்பாடு பிந்திப்போனா ரத்தத்துல சர்க்கரை மளமளன்னு எறங்கிரும். அந்நேரம் இனிப்புத்தாங்க மருந்து. ஒங்க பொண்ணு தெரிஞ்சுதான் எடுத்துச்சு." மதுரை டாக்டரும் இதை ஒருவேளை எப்போதோ சொல்லியிருப்பார். சர்க்கரை விஷம் என்கிற ஒரு வார்த்தைக்கு மேல் எங்கள் காதில் எதுவும் ஏறியிருக்காது.

திரும்பி வருகிற வழியில் வத்தலக்குண்டில் உன் அப்பாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். முகாம் முடிந்து லீலா வீட்டுக்கு வந்தாள், மறுநாள் காலை நான் எழுந்தபோது கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தானே ஊசி போட்டு முடித்திருந்தாள். வேலை குறைந்தால் எனக்கு ஓய்வு வரும் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷத்து அசதியும் மொத்தமாக அப்போதுதான் வந்து இறங்கியது, அரிசி களையும்போதே தூக்கம் வருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்து அவள் நல்ல மார்க்கில் பாஸ் என்றதும் மதுரைப் பேச்சு மறுபடி வந்தது. உன் அப்பா முடியாது என்றார். உன் கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். பெத்த நானே தெரியாமல் தட்டிவிட்டேன், அங்கே முன்பின் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்றார். லீலா, "தெரியாதவங்ககிட்டச் சொல்லிப்புட்டா தெரிஞ்சுக்குவாங்கப்பா. எனக்கு இப்பிடி வரும்னு புஷ்பமேரிக்கு யாரு சொன்னா, நாந்தான் சொன்னேன். நம்ம வீட்டுலதான் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்கீங்க. மூடி வச்சாத்தாம்ப்பா நான் செத்துப்போவேன்" என்றாள். பதினாறு வயசுப் பெண் வாயில் அந்த வார்த்தை. இரண்டு நாள் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கல்லூரியில் சேர்த்துவிட்டு ஆஸ்டல் வார்டனம்மாவைப் பார்க்கப் போனபோது லீலா வாயைத் திறக்குமுன் உன் அப்பா ஆரம்பித்துவிட்டார். "எம்பொண்ணுக்குச் சர்க்கரை வியாதிங்க. வேர்த்து நடுங்குனா இனிப்புக் குடுங்க, யாராச்சும் பிடுங்குனா விடாதீங்க" என்று ஒரே மூச்சில். வெளியே நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருஷம் நான் சாத்திய கதவை அவர் ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. கால் வலிக்கிறது என்று அங்கே கிடந்த பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே மயில்சாமி, தெரிந்தது தெரிந்துவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும், வராதவர்களைப் பற்றி நினைக்க எனக்குச் சக்தி இல்லை. இருளாயியிடமும் சொல்லிவிட்டேன், என் முழங்காலைப் பற்றி அவள் இனிக் கவலைப்பட வேண்டாம் என்று. நீ உன் அப்பாவுக்கு எழுதும்போது சூடாக ஒன்றும் எழுதாதே, அந்தக் கை தட்டிய பேச்சை எடுக்கவே எடுக்காதே. இப்போதும் அவர் பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருக்கும்போதே சும்மா நின்று கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று அவளைக் கொண்டுபோய் ஆஸ்டலில் விடுகிற நாள். காலையில் எல்லாம் அவளே கொதிக்கவைத்தாள், நிறம் பார்த்தாள், மருந்தை ஏற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரிஞ்சை என்னிடம் நீட்டி, "இன்னைக்கு மட்டும் நீ போட்டு விடும்மா" என்றாள். அவளுக்கு நான் தேவையில்லை, எனக்காகத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். போட்டு முடித்துப் பஞ்சால் தேய்த்துவிடும்போது வலித்ததா என்று கேட்டேன். இதுவரை ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை, கேட்டுவிட்டால் மறுநாள் எப்படிப் போடுவது. "தெனமுந்தாம்மா வலிக்கும்" என்றாள், தண்ணீர் கொண்டா என்று சொல்வதுபோல. சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

இனி எழுத முடியவில்லை. மருமகள் சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது இருக்க வேண்டும். பிரசவத்துக்கு நான் வருகிறேன், என்னை எதிர்பார்க்கலாம் என்று அவளிடம் சொல். லீலாவின் ஆஸ்டல் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இந்த வாரமே அவளுக்கு ஒரு கார்டு போடு. கார்டு என்றால் எல்லோரும் படிப்பார்களே என்று பார்க்காதே, படிக்கட்டும். வலிக்கிறதா என்று நீயும் ஒரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொ. சுந்தராம்பாள்