கல்லுக்கு இந்தப் பக்கம் வந்த மான்கள்

அடி அண்ணாமலை,
12-5-2003

அன்பு மகள் பிராமிக்கு அப்பா எழுதுவது. பகவான் அருளால் நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், டேராடூனில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். கொத்தவரங்காய் வற்றல் பார்சல் வந்து சேர்ந்ததா என்று அம்மா இரண்டு வாரமாக என்னைக் கேட்கிறாள், என்னமோ நான்தான் தபால்காரன் மாதிரி. ஒரு வரி எழுதிப் போடு. இங்கே மழை இல்லை, கிணற்றில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் ஜாஸ்தி, கடலையில் பாதி காய்ந்துவிட்டது. அதை விடு, உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், எனக்குப் பதில் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லை ஓரத்தில் மான்களுக்குச் சிமெண்டுத் தொட்டி கட்டியதை மாசியில் எழுதியிருந்தேன். காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் முப்பது அடி தூரம். காட்டுக்குள் இருந்த இரண்டு சுனையும் வற்றிவிட்டதே, வாயில்லா ஜீவன்கள் என்ன செய்யும் என்றுதான் கட்டினேன். முதலில் மூன்று புள்ளிமான் வந்தது, பங்குனிக்குள் பதினொன்று ஆகிவிட்டது. அம்மா நோன்பு இருந்து சேர்க்காத புண்ணியத்தை நான் குடத்தில் மொண்டு ஊற்றியே சேர்த்துவிட்டேன் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அவை வருவது பொழுது சாயும் நேரத்தில். நம் ஜைன வழக்கத்தில் அது கடைசிச் சாப்பாட்டு நேரம், சூரியன் போய்விட்டால் மறுநாள் காலைவரை ஒரு பருக்கை உள்ளே போகாது.

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எள் போட்டால் எள் விழாது, அத்தனை ஜனம். வழி நெடுக அன்னதானம், எச்சில் இலை மலைபோலக் குவிந்துகிடந்தது, அதைத் தின்ன டவுன் நாயெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ஜனம் போன பிறகு அதற்குச் சோறு இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கொல்லைப் பக்கம் நாய் சத்தம். நாய் ஒரு மாதிரி குரைக்குது, போய்ப் பாருங்கன்னு அம்மா சொன்னாள். மோர்ச்சோறு பாக்கி இருந்தது. ஜன்னலில் பார்த்தேன், சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இப்போது எழுந்தால் மறுபடி உட்கார முடியாது என்று சாப்பிட்டு முடித்தேன் மகளே. ஐந்து நிமிஷம் இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு போனேன். ஆறு நாய், நடுவில் ஒரு பெட்டை மான். நான் கத்தியதும் ஓடிவிட்டன, ஆனால் மானுக்குப் பின்னங்கால் இரண்டும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. உன் அம்மா அதன் வாயில் தண்ணீர் விட்டாள், குடிக்கவில்லை. சினை மான். இருட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

காட்டு இலாகா வாட்சர் ஆதிமூலத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் வந்து பார்த்துவிட்டு, நயினாரே, கல்லுக்கு உள்ள இருந்தா நான் பாத்துக்குவேன், வெளிய வந்துட்டா நான் என்னங்க பண்றதுன்னு கேட்டான். கெட்டவன் இல்லை, கண் கலங்கித்தான் கேட்டான். காட்டுக்குள் தண்ணீர் லாரி விடச் சொல்லி மனு கொடுத்தேன், பார்க்கலாம் என்றார்கள். பக்கத்துக் கொல்லை ராஜமாணிக்கம் தயிர்ச்சோற்றில் மருந்து கலந்து வைத்துவிடலாம், ஒரே நாளில் நாய்த் தொல்லை தீர்ந்துடும்னு வழி சொன்னான். நாயும் உயிர்தானே, அதை என் வாயால் எப்படிச் சரி என்பேன்.

சரணாலயத்துக்குள் இருக்கும் அருகிப்போன இனங்கள்தான் ஓரளவு பிழைத்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் தனித் தீவாக விட்டால் பலன் கம்மி, ஒன்றோடு ஒன்று சேர வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நம் மலை எதோடு சேரும்? சுற்றிலும் ரோடு, லாட்ஜ், பிளாட்டு. புள்ளிமான் உங்கள் வனவிலங்கு ஆபீஸ் பட்டியலில் வராது என்பதும் எனக்குத் தெரியும். நாட்டில் எத்தனை இருந்தால் என்ன, இந்த மலைக்கு இருப்பது இவைதான். காவல் இருக்கும் இடத்திலிருந்து தண்ணீரைக் காட்டி நானே வெளியே கூப்பிட்டுவிட்டேன்.

இரண்டு நாள் தொட்டியைக் காயவிட்டுப் பார்த்தேன். வந்து ஈரம்கூட இல்லாத சிமெண்டை நக்கிக்கொண்டு நின்றன. பார்க்க முடியாமல் மறுபடி ஊற்றினேன். இப்போது தினமும் தடியோடு அங்கே நிற்கிறேன், அதனால் சாயங்காலச் சாப்பாடு இல்லை, அம்மாவும் சாப்பிடாமல் இருக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. நேற்று நான்கு மான்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு நாய் வந்து தொட்டியில் வாய் வைத்துவிட்டது. குட்டி போட்ட நாய், மடி தொங்குகிறது, எலும்பை எண்ணலாம். தடியை ஓங்கினேன், கை இறங்கவில்லை. அது வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகும்வரை நான் நின்றேன், மான்கள் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. படித்தவள் நீ, என்ன செய்யலாம் என்று எழுது. உனக்கும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுது, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே. ஆபீஸில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட முடிவதில்லை என்று தை மாதம் வந்தபோது பயந்து பயந்து சொன்னாய், நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. சாப்பிடும்போது வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் பாதியில் எழுந்து போய்ப் பார், அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
பார்சுவநாதன்