ஒன்பது பேருக்காக நான் எழுதிய தேர்வு

ஜூன் 3, செவ்வாய்

கணினி மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கணினிகளையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தவே கூடாது என்று முப்பத்தோரு பக்கம். பேராசிரியர்கள் எல்லோரும் அதைப் படித்து, கடைசியில் உள்ள பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லி, 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற பொத்தானை வெள்ளிக்கிழமைக்குள் அழுத்த வேண்டுமாம். அழுத்தாதவர்களுக்கு மின்னஞ்சல் நின்றுவிடும்.

துறைத் தலைவர் அச்செடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"நீயே பாத்துப் பண்ணிடும்மா."

தலைவர் படித்தாகிவிட்டது!

ஜூன் 5, வியாழன்

இன்று ஒன்பது முறை தேர்வு எழுதினேன். ஒன்பது முறையும் தேறினேன். கல்லூரியில் படித்தபோது இந்தத் திறமை எங்கே போயிற்று?

எங்கள் வரலாற்றுத் துறையில் ஒன்பது பேராசிரியர்கள், தட்டச்சர் நான் ஒருத்தி. நானூறு வருடத்துக்கு முன் எந்த அரசன் எந்தக் கிழமையில் கண்ணை மூடினான் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சொந்தப் பாஸ்வேர்டு கேட்டால் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் துறைக்கு மின்னஞ்சல் வந்தபோது ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, "நீயே ஒண்ணு போட்டு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போட்டு வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஒன்பது கணக்கையும் திறப்பேன், வந்ததையெல்லாம் அச்செடுத்து அவரவர் மேசையில் வைப்பேன். அவர்கள் ஓரத்தில் பேனாவால் பதில் எழுதித் தருவார்கள். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் இவர்களுக்கு 'உடனுக்குடன் பதில் போடுபவர்கள்' என்று பெயராம்.

ஏழாவது கேள்வி: 'அவசரத்துக்கு உடன் பணிபுரிபவர் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?' ஒன்பது பேர் சார்பிலும் 'எக்காரணம் கொண்டும் தர மாட்டேன்' என்று பதில் சொன்னேன். ரொம்ப உறுதியான மனிதர்கள்.

எல்லோரும் பத்துக்குப் பத்து என்றால் சந்தேகம் வருமே என்று தலைவருக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

விதிமுறையை ஒன்பது பேரும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அவர்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

என் கோப்பு நகர்ந்துவிட்டதாம். இந்த மாதக் கடைசிக்குள் நிரந்தர ஆணை வந்துவிடும் என்று தலைவர் சொன்னார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. பதினோரு வருடத்தில் ஒரே நாற்காலியில் இருபத்திரண்டு முறை வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்திருக்கிறேன். இனி யோசிக்க வேண்டாம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சந்தோஷம் வந்தால் ஒரு வார்த்தைதான்: "மேல ஏறிடுச்சு."

ஜூன் 12, வியாழன்

ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது.

கணினி மைய அதிகாரி கூப்பிட்டார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபயர்வால், கணினிக்குள் கண்டதை விடாத காவல் சுவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஐந்தாம் தேதி, பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு முப்பத்தைந்துக்குள், ஒரே கணினியிலிருந்து ஒன்பது பேர் விதிமுறையை ஏற்றிருக்கிறார்கள். கணினி என்னுடையது.

"பாஸ்வேர்டை அவங்க குடுத்தாங்களா, நீங்க எடுத்தீங்களா?"

"குடுத்தாங்க சார். பதினோரு வருஷமா."

"அத அவங்க சொல்லட்டும்."

கொடுத்திருந்தால் ஒழுங்கு மீறல். எடுத்திருந்தால் திருட்டு. திருட்டு என்றால் வேலையும் போகும், போலீஸும் வரும். ஒன்பது பேரும் திங்கட்கிழமைக்குள் அவரவர் கணக்கிலிருந்து விளக்கம் அனுப்ப வேண்டும். அதுவரை என் நிரந்தரக் கோப்பு அவர் மேசையில் இருக்கும்.

எனக்குப் பயமில்லை. ஒன்பது பேர் இருக்கிறார்களே? பதினோரு வருடம்!

ஜூன் 13, வெள்ளி

தலைவர் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்படித்தான் எப்போதும் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

"எழுதிக்கோம்மா. 'என் பாஸ்வேர்டை நான் யாரிடமும் ஒருபோதும் பகிர்ந்ததில்லை.' எழுதிட்டியா? 'இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது.' முற்றுப்புள்ளி. என் கணக்குலேர்ந்து அனுப்பிடு."

எழுதினேன். ஒற்றுப்பிழை பார்த்தேன். அனுப்பினேன்.

பிறகு வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் அதே வாசகம். ஆறாவதாக வந்தவருக்கு நானே நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். கடைசியாக, கல்வெட்டுப் பாடம் நடத்தும் கல்வெட்டு மேடம். என் மகளின் பிறந்தநாளை நினைவு வைத்திருக்கும் ஒரே ஆள். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் அதே போட்டுடும்மா" என்றார். அதுதான் வலித்தது. மத்தவங்கள விடு, நீங்களுமா மேடம்?

நான் திருடி என்று ஒன்பது கடிதம். ஒன்பதையும் அடித்தது நான், அனுப்பியது நான். ஒன்பதாவதை அனுப்பும்போதுதான் ஒன்று உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லையே.

ஜூன் 14, சனி

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு, "என் ஏடிஎம் நம்பரே எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நாளைக்கு நான் யாருக்கும் சொல்லவே இல்லைன்னு சொன்னா விடுவியா?" என்றார்.

"விட மாட்டேன்."

"அப்ப இவங்கள மட்டும் ஏன் விடற?"

விடுகிறேன் என்று யார் சொன்னது?

ஜூன் 17, செவ்வாய்

விசாரணை. கணினி மையத்தில் நீள மேசை. ஒரு பக்கம் ஒன்பது பேர், மறுபக்கம் நான். நடுவில் ஃபயர்வாலும் ஒரு கணினியும்.

"ஒன்பது கடிதமும் வந்துச்சு. பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்கலைன்னு ஒன்பது பேரும் சொல்லியிருக்கீங்க. ரொம்ப நல்லது. ஆனா ஒன்பது கடிதமும் இந்தம்மாவோட கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை எனக்கு உறைத்தது இதுதான். யாரோ தண்ணீர் குடித்தார்.

"போகட்டும். நீங்க யாருக்கும் குடுக்கலைன்னா உங்க பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும். இங்க உக்காந்து ஒரு தடவை உள்ள போயிக் காட்டுங்க. தலைவர் சார், நீங்களே ஆரம்பிங்க."

தலைவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். விசைப்பலகையை ஏதோ தோண்டி எடுத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒற்றை விரலால் மனைவி பெயரை அடித்தார். தவறு. பிறந்த தேதி. தவறு. முழி பிதுங்கியது. பிறகு, பாவம், பழக்கதோஷம் – நேரே என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நம்ம பாஸ்வேர்டு என்ன?"

நான் வாயைத் திறக்கவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது. முப்பத்தோரு பக்கத்தையும் படித்தவள் நான் ஒருத்திதான்.

கல்வெட்டு மேடம்தான் எழுந்தார். "போதும் சார். நாங்கதான் குடுத்தோம். அவ எடுக்கல. நானும் பொய் சொல்லிட்டேன்."

ஃபயர்வால் என்னைக் கேட்டார்: "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொன்னேன். கொடுத்தது அவர்கள், ஆனால் ஒன்பது பேர் பெயரில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியது நான்தான். தவறு என்று படித்துக்கொண்டேதான் அழுத்தினேன். அதைச் சொன்னபோதுதான் என் குரல் உடைந்தது. சனியன், அந்த இடத்திலா உடைய வேண்டும்?

ஜூன் 18, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. திருட்டு இல்லை. பத்துப் பேரின் கணக்குகளும் முப்பது நாள் முடக்கம். பத்தாவது ஆள் நான்.

என் கோப்பைத் தலைவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடக்கம் முடிந்ததும் தலைவர் தன் கணக்கிலிருந்து, தானே தட்டச்சு செய்து பரிந்துரை அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். 'தானே' என்ற சொல்லுக்கு அடியில் ஃபயர்வால் கோடு போட்டிருந்தார்.

அதாவது என் வேலை இப்போது தலைவரின் ஒற்றை விரலில் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

துறைக்கு மின்னஞ்சல் இல்லாமல் இரண்டு வாரம். உலகம் அழியவில்லை. நிகழ்காலம் இல்லாமல் வரலாற்றுத் துறைக்கு என்ன குறை?

ஜூலை 9, புதன்

தலைவர் என்னோடு பேசுவதில்லை. மதியத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார். கோபமா, வெட்கமா? எதுவானாலும் முடக்கம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

காலையில் தலைவரைக் காணோம். கணினி மையத்தில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு புதுப் பாஸ்வேர்டுக்காக வரிசையில் நிற்கிறார் என்று கல்வெட்டு மேடம் வந்து சொன்னார். பத்தரைக்கு வந்தவர் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு அந்தச் சத்தம். டக். நெடுநேரம் ஒன்றுமில்லை. டக். இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்தேன்.

"அம்மா, இந்தக் கமா எங்க இருக்கு?"

"கீழ் வரிசைல சார், எம்முக்குப் பக்கத்துல." கமாவைப் பற்றி விதிமுறையில் எதுவும் இல்லை.

பன்னிரண்டே காலுக்குப் பரிந்துரை போனது. நகல் எனக்கும் வந்தது. மூன்றே வரி.

'பதினோரு வருடமாக இவர் தன் வேலையோடு என் வேலையையும் செய்தார், நான் சொல்லித்தான் செய்தார். கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொன்னேன், அது பொய். இவரை நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கழிவறைக்குப் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஃபயர்வால். "பரிந்துரை வந்து சேந்துடுச்சு. எனக்குத் தடையில்லைன்னு கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன்," என்றார், வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இத எப்படி மூடறது?"

இடத்தைவிட்டு எழாமலே சொன்னேன்: "மேல, வலது மூலைல சார்."