சோதனைக்குப் போட்ட பாட்டு

செவ்வாய்க்கிழமை இரவு, திண்டிவனம்

பழைய ஒலிப்பதிவுகளைப் பல காலம் காத்து வைக்க எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு மென்பொருள் வேண்டும். இரண்டைச் சோதித்தேன். முதலாவதில் மேல்மலையனூர் முருகேசனின் பாட்டைப் போட்டேன். இறந்துபோன அவருடைய அப்பா உடுக்கை அடித்துப் பாடியது. முருகேசன் போனைக் கொண்டுவந்து நேராக அதிலேயே ஏற்றிக் கொடுத்தார். நான் வேறு பிரதி எடுக்கவில்லை.

எதை அழிக்கப் போனாலும் அந்த மென்பொருள் "உறுதிதானா?" என்று மூன்று முறை கேட்கும். தொல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். இரண்டாவதே போதும் என்று இன்று காலை மூன்று முறையும் "ஆம்" என்று அழுத்தி, அந்த மென்பொருளையே மொத்தமாக நீக்கினேன்.

மாலை, விழுப்புரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் முருகேசனின் போன்.

"மேடம், அப்பா பாட்டு பத்திரமா இருக்குதுங்களா? போன்ல எடமே இல்ல, அழிச்சிட்டேங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இருக்குங்க" என்றேன்.

"கோயில்ல அமாவாசை கூட்டம் ஓஞ்சதும் அம்மாவக் கூட்டிக்கினு வர்றேன். ஒரு தபா போட்டுக் காட்டுங்க. கேக்கணும்னு அழுதுக்கினே இருக்குது."

"வாங்க" என்றேன்.

அதைச் சொல்லும்போது என்னிடம் யாரும் ஒரு முறைகூட "உறுதிதானா?" என்று கேட்கவில்லை.