ஓர் ஆளுக்கு இரண்டு குடை

மார்ச் 3, திங்கள்

காலையில் மூன்று ரிசர்வ் மடித்து, நூல் கட்டி, என் ஈய முத்திரையை வைத்தேன். மதியம் ஒரு பார்வையாளர் மடிப்புக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, "ரிசர்வ்னா என்னம்மா?" என்றார். விமானத்திலிருந்து குதிக்கிறவரின் முதுகுப்பையில் இரண்டு பாராசூட் குடை இருக்கும், முதலாவது கையை விரித்துவிட்டால் இரண்டாவது, அதை மடிக்க உரிமம் உள்ளவள் இந்த மையத்தில் நான் ஒருத்திதான் என்றேன்.

"நீங்க தப்பா மடிச்சுட்டா?"

"புகார் குடுக்க யாரும் வர மாட்டாங்க."

மனிதர் அத்தோடு போய்விட்டார்.

மாலையில் மேலாளர் புது அறிவிப்பு ஒட்டினார். எதற்கெடுத்தாலும் அறிவிப்பு ஒட்டுகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'அறிவிப்பு'தான். இனி எல்லார் பையிலும், ஆபத்தில் ரிசர்வைத் தானே திறந்துவிடும் தானியங்கிப் பெட்டி இருக்க வேண்டுமாம். இல்லாதவருக்கு விமானத்தில் இடமில்லையாம். மையத்திலேயே பெட்டி இல்லாத பை ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டுக்காரருடையது.

மார்ச் 4, செவ்வாய்

இவர் சாப்பிடவில்லை. முப்பத்தொரு வருஷம், இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது குதிப்பு, "இப்ப ஒரு சோப்புப் பெட்டி வந்து எனக்குப் புத்தி சொல்லுமா?"

சொல்லட்டுமே. நான் சொல்லித்தான் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

வருகிறவர்கள் பார்க்க, சுவரில் பழைய சாமான்களை மாட்டி வைக்கச் சொன்னார் அறிவிப்பு. நானும் இவரும் அலமாரியைக் காலி செய்தோம். இவருடைய முதல் வட்டக் குடை வந்தது. அதில் இறங்குவது என்பது மாடிச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் மாமியார் வீடு. இவருடைய கணுக்கால் இரண்டு முறை உடைந்ததற்கு அந்தக் குடைதான் காரணம். இப்போதைய சதுரக் குடையில் பாட்டிமார் வந்து நின்றபடி இறங்குகிறார்கள்.

பிறகு தோல் தொப்பி. அதைத் தலைக்கவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், வெட்கமாக இருக்கிறது. பிறகு, கெட்டுப்போன குடையைக் கழற்றிவிடும் பழைய கொக்கிகள். வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூடியைத் திறந்து வளையத்தை இழுக்க வேண்டும், தலைகீழாகச் சுற்றிக்கொண்டே. இப்போது ஒரே இழுப்பில் இரண்டும் கழன்றுவிடும்.

கடைசியில் அந்தக் காலத்துத் தானியங்கிப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவு. இவர் அதை ஒரு விரலால் தள்ளிவைத்தார். அதற்குக் காரணம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். விமானம் ஏற வரிசையில் நிற்கும்போதே ஒருநாள் அது தானாக வெடித்து, அந்தக் கால வழக்கப்படி இவர் வயிற்றில் கட்டியிருந்த ரிசர்வ் எழும்பி, முன்னால் நின்ற பயிற்சியாளருக்கு முக்காடு போட்டுவிட்டது. அன்றிலிருந்து இவருக்குப் பெட்டி என்றால் பகை.

"அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தினது. உங்க போனை மாத்தல? கண்ணாடிய மாத்தல?" என்றேன்.

"உன்னை மாத்தலயே," என்றார். இதற்கு நான் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா?

மார்ச் 8, சனி

புதியவர்களுக்கு வகுப்பு. ஏழு பேர். முதல் பாடம் எப்போதும் பெட்டிதான். தரையை நெருங்கியும் ஒருவர் குடை திறக்காமல் விழுந்துகொண்டிருந்தால், பெட்டியிலுள்ள குட்டிக் கத்தி ரிசர்வைக் கட்டிய கயிற்றை அறுக்கும், ரிசர்வ் வெளியே வரும். அது அறுக்கிற உயரம் இருநூற்று இருபத்தைந்து மீட்டர். காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் கணக்குப் போடுகிற பெட்டி, ஆகவே எந்த இடத்தில் அதன் சுவிட்சைப் போடுகிறோமோ அந்த இடத்தைத்தான் தரை என்று நம்பும். "குதிக்கிற மைதானத்துலதான் போடணும். வீட்டுல போட்டுட்டு வர்றவங்களுக்கு என் வகுப்புல இடம் கிடையாது," என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன்.

இவர் பையிலும் இன்று பெட்டி வைத்துவிட்டேன். மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மாலை: ஆச்சரியம் தீர்ந்தது. பெட்டியைப் போடவே இல்லை மனுஷன்! "பெட்டி இருக்கணும்னுதானே எழுதியிருக்கு? விளக்கு எரியணும்னு எங்க எழுதியிருக்கு?" அறிவிப்பு தன் அறிவிப்பை நான்கு முறை படித்தார். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. திருத்திய அறிவிப்பு பதினேழாம் தேதி வருமாம். அதற்கு மேலிடத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

மார்ச் 12, புதன்

இவர் சட்டை போடும்போது முனகினார். என்னவென்று கேட்டால், "சட்டை சுருங்கிடுச்சு."

சட்டை எப்படி வலது தோளில் மட்டும் சுருங்கும்?

மார்ச் 14, வெள்ளி

மகள் போன் செய்தாள். பல் டாக்டர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அம்மா, நீ மடிச்ச குடையில அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ தாங்குவியா?"

தாங்க மாட்டேன். அதைத்தான் தினமும் ஈய முத்திரைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். இவளிடம் அதைச் சொல்லாமல், "பல் விளக்கினியா?" என்று கேட்டு வைத்தேன்.

மார்ச் 15, சனி, காலை

எழுதிவைக்க வேண்டிய சாமர்த்தியம். மைதானத்தில் இவர் பையைக் கையைவிட்டு இறக்க மாட்டார். அதனால் இவர் குளிக்கும்போது, படுக்கையறையிலேயே பெட்டியைப் போட்டுவிட்டேன். சிவப்பு விளக்கு கண் சிமிட்டும்போதெல்லாம் ஒரு அழுத்து, மொத்தம் நான்கு. பெட்டி விழித்துக்கொண்டது. அதன் முகப்பு பையின் மடிப்புக்குள்ளே, பிடரிக்குப் பின்னால் இருக்கிறது. இவருக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

கல்லுக்குள் ஈரம் இருக்கிறதோ இல்லையோ, பைக்குள் நான் இருக்கிறேன். காரில் மலைப்பாதையில் இறங்கி வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அதே நாள், மாலை

நேரா எழுத வரல.

இவரோட முதல் குடை விரியற நேரத்துலயே ரிசர்வும் வெளியே வந்துடுச்சு. ரெண்டு குடை. ரெண்டும் சிக்கிக்கிட்டா ஒண்ணுமே இல்ல. சிக்கல. முன்னும் பின்னுமா ரெண்டும் விரிஞ்சு, திருப்ப முடியாம மெதுவா மிதந்து, பக்கத்து உருளைக்கிழங்கு வயல்ல போய் உட்கார்ந்தார். நான் செருப்பில்லாம ஓடினேன். அங்கே போனா, வயல்காரம்மா இடுப்புல கை வச்சு நிக்கிறாங்க. "ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

இவர் மண்ணைத் தட்டிக்கொண்டே, "சும்மா, ரெண்டையும் திறந்து பாக்கலாம்னு" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். மூக்கில், காதில், எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் ஏன் வந்தது? நான் மடித்ததில் பிழையா?

மார்ச் 16, ஞாயிறு

பல் விளக்கும்போது புரிந்தது. பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீடு மலைமேல். மைதானத்தைவிட நூற்று எண்பது மீட்டர் உயரம். பெட்டி என் படுக்கையறையைத் தரை என்று நம்பியிருக்கிறது! அதனால் அறுக்க வேண்டிய உயரத்துக்கு நூற்று எண்பது மீட்டர் முன்னாலேயே, நானூறிலேயே அறுத்துவிட்டது. பெட்டி மேல் குற்றமில்லை. அது சொன்ன வேலையைச் செய்தது.

ஊருக்குத்தான் உபதேசம். போன வாரம் மேஜையைத் தட்டியவள் நான்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பெட்டிக் கோளாறு என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம். சொன்னால் முத்திரை போகும். பத்தொன்பது வருஷ முத்திரை. சொல்லாவிட்டால் இவர் சாகும்வரை, "பாத்தியா, பெட்டி மறுபடி தானா வெடிச்சுது" என்பார், இனி ஜென்மத்துக்கும் அதைப் போட மாட்டார்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். அறிவிப்பிடம், இவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னேன். இவர் மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்! இருபத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல்முறையாக நான் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறேன்.

"முதல் பாடம், டீச்சரம்மா," என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அறிவிப்பு பெட்டியைக் கணினியில் மாட்டினார். இந்தக் காலத்துப் பெட்டி குட்டிக் கத்தி மட்டுமல்ல, கோள்சொல்லியும்கூட. விழுந்த கதையைக் கோடாகப் போட்டுக் காட்டும். குடையைத் திறக்க விதி தொள்ளாயிரம் மீட்டர். இவர் பீற்றிக்கொள்வது எழுநூறு. கோடு காட்டியது ஐந்நூறு. குடை முழுக்க விரிந்து வேகம் குறைய இன்னும் நூறு மீட்டராவது வேண்டும், அதற்குள் பெட்டியின் நானூறு வந்துவிட்டது.

அதாவது, நான் சரியான இடத்தில் போட்டிருந்தால் அது வெடித்திருக்காது. இவர் சரியான உயரத்தில் இழுத்திருந்தால், நான் தப்பாகப் போட்டும் வெடித்திருக்காது. வெளிச்சம் அணைந்தது.

"ஐந்நூறா?" என்றேன். மறுபடி கேட்டேன்.

"குடை திறக்கிற கைப்பிடி கைக்குக் கிடைக்கல," என்றார், தரையைப் பார்த்து. "தோள் திரும்பல. ரெண்டு தடவ தடவினேன். மூணாவது தடவதான்..."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் அறிவிப்பின் எதிரில். அவர் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தீர்ப்பும் கொடுத்தார்: என் முத்திரை ஒரு மாதம் அவர் மேஜை இழுப்பறையில். இவர் என் புதியவர் வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டும், டாக்டர் சம்மதிக்கும்வரை தரையிலேயே இருக்க வேண்டும்.

மகளிடம் சொன்னேன். "ரெண்டு பேர்ல யாரை முதல்ல திட்டறதுன்னு யோசிக்கிறேன்," என்றாள்.

மார்ச் 22, சனி

வகுப்பு. இவர் கடைசி பெஞ்சு. வீட்டில் பெட்டியைப் போட்ட கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். முன்வரிசைப் பெண் சிரித்துவிட்டு, "யார் மேடம் அந்த மக்கு?" என்றாள்.

"நான்தான்."

பின்னாலிருந்து இவர் கை தூக்கினார், இடது கை. "ஐந்நூறுல இழுத்த மக்கு நான். ரெண்டு பேரும் ஒரே வீடு."

ஏப்ரல் 2, புதன்

தோளுக்குப் பயிற்சி. சுவரில் விரல்களால் மேலே ஏற வேண்டும். தினம் ஒரு அங்குலம் ஏறுகிறார், மூன்று அங்குலத்துக்குக் கத்துகிறார்.

ஏப்ரல் 17, வியாழன்

முத்திரை திரும்பி வந்தது. பரிசோதிக்க வெளியிலிருந்து வந்த அம்மாள் என் மடிப்பில் ஒரு குற்றமும் காணவில்லை. டாக்டரும் இவருக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். "தோள் சொன்னபடி கேட்டா குதிங்க, கேக்கலன்னா வேணாம்" என்று. இது என்ன சம்மதம்?

ஏப்ரல் 19, சனி

மைதானத்தில், எல்லார் முன்னாலும், பையைக் கழற்றி மடியில் வைத்து இவரே பெட்டியைப் போட்டார். நான்கு அழுத்து. நான் பக்கத்தில் போகவில்லை. தலைக்கவசத்துக்குள் உயரம் சொல்லிக் கூவும் கருவியையும் மாட்டிக்கொண்டார். ஒன்பது பேர் ஏறினார்கள்.

கீழே நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்தாற்போல. ஐந்து. ஏழு. எட்டு.

எட்டு.

மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எட்டுதான். அறிவிப்பும் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார், அவர் உதடும் எட்டில் நின்றுவிட்டது.

விமானம் இறங்கி வந்து நின்றது. கதவு வழியாக இவர் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். முகம் வெள்ளை வேட்டியாக இருந்தது. நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல போய் ஒரு தடவ கைப்பிடியத் தொட்டுப் பாத்தேன். எட்டல," என்றார். "சரி, இன்னைக்கு வேணாம்னு உட்கார்ந்துட்டேன்."

இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம் முறை இந்த மைதானத்திலிருந்து ஏறியிருக்கிறார். ஒருமுறைகூட அந்த விமானத்தில் இறங்கியதில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, ரொம்ப ரகசியம்போலக் கேட்டார்:

"ஏண்டி, அது இறங்கறப்ப அவ்வளவு ஆட்டம் ஆடுதே, எல்லாம் கழண்டு வர்ற மாதிரி. பைலட்டு எப்படிடி தினம் இதைச் செய்யறான்? நான் பெல்ட்டை நாலு தடவ இழுத்துப் பாத்தேன்."