ஆறாம் நம்பர் ட்ரோன்

மார்ச் 3, செவ்வாய்

தங்கை மகள் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் எறும்பைப் பற்றிப் பேசினாள். சைக்கிளில் தெளிப்பான் விற்று மேலே வந்தவன் நான். எறும்புக்குப் பொடி விற்றிருக்கிறேன், எறும்பிடம் பாடம் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். செல்போன் சிக்னல் எட்டாத மலைக்காட்டில் தீயைக் கண்காணிக்க, தீயணைப்புத் துறைக்குப் பத்து ட்ரோன் வேண்டும். புகையைப் பார்க்கும் ட்ரோன் படத்தைப் பக்கத்து ட்ரோனுக்குத் தரும், அது அடுத்ததற்கு. இப்படியே கைமாறி அடிவாரத்துத் திரைக்கு வர வேண்டும். எல்லாம் பறந்துகொண்டே இருப்பதால், எது எதற்குத் தருவது என்பதுதான் தலைவலி. ட்ரோன் என் கடையுடையது, வழி சொல்லும் மூளை, அதாவது எறும்பைப் பார்த்து எழுதின நிரல், அவளுடையது. பதின்மூன்றாம் தேதி சோதனை. தோற்றால் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி குப்பைக்கு.

மார்ச் 6, வெள்ளி

இந்தப் படிப்பாளிகள் ஆளுக்கொரு பிராணி வளர்க்கிறார்கள். போன வருடம் ஒரு பேராசிரியர் தேனீ என்றார். அதற்கு முன் வந்தவர் ஓநாய்க் கூட்டம். வௌவால், மின்மினி, குயில்கூட உண்டாம். மிருகக்காட்சிசாலையே என் கடைக்கு வந்து போய்விட்டது, ஒரு படம் ஒழுங்காக வந்ததில்லை.

இவளுடைய எறும்பு என்ன செய்கிறது? படம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த வழிக்கு, வாசனை மாதிரி, ஒரு மதிப்பெண் கூடும். கூடின வழியில் அடுத்த படம் போகும். இதுவரை சரி. ஆனால் அந்த வாசனை கொஞ்ச நேரத்தில் தானாகவே மங்க வேண்டுமாம்!

"கண்டுபிடிச்ச நல்ல வழியை எதுக்கும்மா மறக்கணும்?"

"மறந்தாத்தான் மாமா வேற வழி தேடும்."

"முப்பது வருஷமா எனக்கு ஒரே லாரிக்காரர். நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"உங்க லாரி பறக்கலையே மாமா."

வாய் மட்டும் அப்படியே அவள் அம்மா.

மார்ச் 11, புதன்

அவள் சாப்பிடப் போயிருந்தாள். மடிக்கணினி என் மேசையில் திறந்தே கிடந்தது. வாசனை மங்குவதெல்லாம் வெறும் ஒரு எண்தான் என்றார் என் கடை மெக்கானிக்.

"பூஜ்யம் போடுங்க."

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு—"

"கடை யாரோடது?"

போட்டார். பின்பக்க மைதானத்தில் நான்கு ட்ரோன்களைப் பத்து நிமிடம் பறக்கவிட்டோம். படம் முன்னைவிட வேகமாக வந்து விழுந்தது. மூன்று வருடம் படித்ததை ஒரு பூஜ்யத்தில் சரிசெய்துவிட்டேன். சோதனை முடிந்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

முதல் இருபது நிமிடம் ராஜபாட்டை. தீயணைப்புத் துறை அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார், நான் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு பார்த்தால், ஒன்பது ட்ரோனின் படமும் ஆறாம் நம்பர் தலையில்தான். ஓயாமல் வாங்கி ஓயாமல் அனுப்பி, பேட்டரி தீர்ந்து, அது மரங்களுக்குள் போய் விழுந்தது. விழுந்த பிறகும் மற்றவையெல்லாம் ஆறுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. செத்துப்போன அதன் வாசனை குறையவே இல்லையே. ஒன்பது ட்ரோன் வானத்தில், திரை மட்டும் கறுப்பு.

"என்ன, எறும்பெல்லாம் தூங்கப் போயிடுச்சா?" என்றார் அதிகாரி.

நானும் கூடச் சிரித்தேன். சிரித்தேனே!

அவள் மடிக்கணினியில் எதையோ தேடினாள். பூஜ்யத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மார்ச் 14, சனி

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

'இந்த எறும்பு முறை பயன்படாது' என்று அதிகாரி எழுதிவிட்டாராம். தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நாலு நாளா ரூமை விட்டு வெளியே வரல. என்னடி ஆச்சுன்னு கேட்டா, என் கணக்குல தப்புங்கிறா. அவ கணக்குல தப்பு வருமாண்ணே?"

வரும்மா, யாருக்கும் வரும் — என்று சொல்லிவிட்டு வைத்தேன். என்ன பிழைப்பு இது? ஊரில் உள்ள மோசடிக்காரனையெல்லாம் முகத்துக்கு நேரே திட்டுறவன்டா நீ. சொந்தத் தங்கச்சிகிட்ட என்னத்தடா சொன்ன?

மார்ச் 18, புதன்

அதிகாரியிடம் போனேன். பூஜ்யம் போட்டது நான், அவளுக்குத் தெரியாது என்றேன். பேனாவை மூடி வைத்தார்.

"தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?"

"எல்லாம் தெரியும்னு நினைச்சுப் போட்டேன் சார்."

"எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணை மறுபடி வரச் சொல்றேன். ஆனா உங்க கடை ட்ரோன் வேண்டாம்."

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

எதிர்க்கடை வழுக்கையின் ட்ரோன்களோடு நேற்று முன்தினம் மறுசோதனை. அவனுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும் என்பதே தெரியாது, அவனுக்கு அதிர்ஷ்டம். நடுவானில் இரண்டு ட்ரோன்களை அதிகாரியே நிறுத்திப் பார்த்தாராம். திரை ஒருமுறை சிமிட்டியதாம், மூன்று விநாடியில் வேறு வழியாகப் படம் வந்துவிட்டதாம். மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இன்று அவளே கடைக்கு வந்தாள். வழுக்கையிடம் இல்லாத ரகம், பன்னிரண்டு பேட்டரி வேண்டுமாம். எடுத்து வைத்தேன். பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தாள். இந்தக் கடையில் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"இல்ல மாமா."

மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். என் மேசையைக் காலிசெய்து, விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பன்னிரண்டையும் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். எதையும் தொடவில்லை.